நடுவில் விட்ட இடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் கால்வாய்க்கரை ஒழுங்கமைப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. கால்வாய்க்கரையை அது இதுவரை ஒழுங்கமைத்ததாகத் தகவல் இல்லை. ஆனால் தன்னை ஒழுங்கமைத்துக்கொள்வதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. ஆறு பேர் உட்காரும் அறையில் ஒன்பது பெயர்ப்பலகைகள். வருகைப் பதிவேடு ஒன்று, அந்தப் பதிவேடு யார் மேசையில் இருக்கிறது என்று எழுதி வைக்க இன்னொன்று. பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றைப் பிடித்துக் கண்ணாடித் தடுப்பு வைத்து ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். மழை பிடித்தால் சுவரிலிருந்து இஞ்சி வாசம் எழும்பும். கோப்புகளிலும் அதே வாசம்தான் அடிக்கும்.

அங்கே இணையதளம் கட்டித்தர வந்தவள் நிஸா. ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. பன்னிரண்டாவது மாதமும் வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் யாரோ முன்யோசனையாக வைத்த கணக்கு அது.

அவள் வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம் ஆணையம் ஒரு பட்டியல் வெளியிட்டது. கால்வாயை அகலமாக்குவதற்காக இடிக்கப்படும் முப்பத்திரண்டு வீடுகளின் பட்டியல். ஆட்சேபணை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் இணையதளம் வழியாக மட்டுமே தெரிவிக்கலாம். தெரிவிக்காதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படுவார்கள். இடித்த வீட்டுக்குப் பதிலாக ஏலூர் பக்கம் நாலாவது மாடியில் ஒரு வீடு தருவார்கள். பட்டியலில் முதல் பெயர் கமாலுதீன். நிஸாவின் அத்தா.

கமாலுதீனுக்கு வீடும் கடையும் ஒன்றுதான். முன்னறையில் பாத்திரக் கடை, பின்னறையில் குடித்தனம். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணிச் செம்பு வாடகைக்கு விடுவார். ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய செம்புகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போய் யாரிடம் வாடகைக்கு விடுவது என்று அவருக்குப் புரியவில்லை. பட்டியலைப் படித்த அன்று மகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்த ஆட்சேபணை போடுற பேஜு, அது நீதானே பண்றே மோளே?”

“நான்தான் அத்தா.”

“அப்போ பிரச்சனை இல்லை” என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனார்.

பிரச்சனை இருக்கவும் கூடாதுதான். இணையதளம் கட்டுகிறவர்களிடம் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. நல்ல சோம்பேறித்தனம். ஆணையத்தின் தளத்தில் நூற்று நாற்பத்தாறு பக்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே முத்திரை, கீழே ஒரே முகவரி. அதை நூற்று நாற்பத்தாறு தடவை எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் பைத்தியமில்லை. ஒரே ஒரு கோப்பில் மேலே வருவதையும் கீழே வருவதையும் எழுதி, நடுவில் ஓர் இடத்தை விட்டுவைப்பார்கள். அதற்குப் பெயர் டெம்ப்ளேட். மற்றப் பக்கங்கள் எல்லாம் நான் இந்த டெம்ப்ளேட்டின் பிள்ளை என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, தங்கள் விஷயத்தை அந்த நடு இடத்தில் கொண்டுவந்து வைக்கும். நாளைக்கு முத்திரை மாறினால் ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். நிஸா அப்படித்தான் கட்டியிருந்தாள். ஆட்சேபணைப் படிவமும் அதன் பொத்தானும் அந்த நடு இடத்துக்காகத் தயாராக இருந்தன.

ஆனால் ஆணையத்தில் எதுவும் அங்கீகாரம் இல்லாமல் வெளியே போகாது. டெம்ப்ளேட்டை அங்கீகரிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். சூப்ரண்டு ராசப்பன் டெம்ப்ளேட்டை ஏழு தாளில் அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். இயக்குநர் ஸ்ரீநாத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாலக்காட்டுக்காரர், சாந்தமானவர், யாரையும் கடிந்து பேசமாட்டார்.

“இதாக்கும் நம்ம சைட்டா? மேல முத்திரை இருக்கு, பேஷ். கீழ அட்ரஸ் இருக்கு, பேஷ். நடுவுல ஒண்ணுமே காணலியே?”

“சார், நடுவுலதான் ஒவ்வொரு பேஜோட விஷயமும் வரும். இது வெறும் ஃபிரேம்” என்றாள் நிஸா.

“வரும்னா எப்போ வரும்?”

“பேஜைத் திறக்கும்போது சார்.”

“நான் இப்போ திறந்து பாத்துண்டுதானே இருக்கேன்?” என்று அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

நிதி அலுவலர் கனகாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ ஒரு பிரேரணை வரப்போகிறது என்று அர்த்தம். “கவர்மெண்ட் சமாச்சாரத்துல காலியிடம்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வரவேண்டியவா வரலை. இல்லேன்னா, இருந்ததை எவனோ எடுத்துண்டு போயிட்டான். ஆடிட்ல ரெண்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும். காலியா விட்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

ராசப்பன் இன்னும் ஆழமாகப் போனார். அவர் டெம்ப்ளேட்டின் நிரலையும் அச்சடித்து வைத்திருந்தார். அதில் ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். “சாரே, இந்த லைனை நோக்குங்க. உள்ளடக்கம் தொடங்குதுன்னு போட்டிருக்கு. தொடங்கின உடனே தீர்ந்துன்னும் போட்டிருக்கு. இடையில ஒண்ணும் இல்ல. ஒரு வேலையும் செய்யாத லைனாக்கும் இது. எதுக்காக்கும் இதை வெச்சிருக்கு?”

“அதுதான் சார் அந்த இடம். அந்த லைனை எடுத்தா எந்தப் பேஜுலயும் எதுவும் வராது.”

“இப்பவும் ஒண்ணும் வரலியே மோளே” என்றார் ராசப்பன். ஏழு பேரும் தாளைப் பார்த்தார்கள். அவர் சொன்னது ஏழு தாளிலும் உண்மையாக இருந்தது.

இயக்குநர் நிஸாவுக்குப் பொறுமையாக விளங்கவைத்தார். “நன்னாக் கேட்டுக்கோ. ஜனங்க சைட்டுக்கு விஷயம் தெரிஞ்சுக்கவா வரா? அவா வீட்டை இடிக்கப்போறோம்கறது அவாளுக்கு நம்மைவிட நன்னாவே தெரியும். அவாளுக்கு வேண்டியது ஆறுதல். யார் பண்றா, எந்த ஆபீஸ், முத்திரை இருக்கா, பெரியவா முகம் இருக்கா. அது கிடைச்சுட்டா மனசு சமாதானமாயிடும். விஷயம்னு ஒண்ணைப் போட்டுட்டா அதுல கேள்வி வரும். ஆறுதல்ல யாரும் கேள்வி கேட்டு நான் பாத்ததில்லை.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வேலை செய்யாத வரி நீக்கப்பட்டது. அந்த இடத்தில் இயக்குநரின் வாழ்த்துரையும் சிரித்த முகமும் வைக்கப்பட்டன. படத்தில் இயக்குநர் ஒரு படகில் நின்றுகொண்டு கையால் எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். அங்கீகரிக்கப்பட்ட டெம்ப்ளேட்டின் ஒவ்வொரு தாளிலும் ஏழு கையெழுத்து வாங்கி, லாமினேட் செய்து பீரோவில் வைத்தார்கள். கணினியில் அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமையை ராசப்பன் தன் பெயரில் மாற்றிக்கொண்டார். இனிமேல் மாற்றம் வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுதான் மாற்றலாம். ஆட்சேபணைக்கு இருந்ததோ தளம் திறக்கும் நாளிலிருந்து இருபத்தொரு நாள்.

தளம் திறந்த அன்று எல்லோருக்கும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்கள். நூற்று நாற்பத்தாறு பக்கங்களில் எதைத் திறந்தாலும் முத்திரை, வாழ்த்துரை, படகு, முகவரி. பிழை என்று ஒரு செய்திகூட வரவில்லை. டெம்ப்ளேட்டில் இடம் இல்லாவிட்டால் பக்கங்களின் விஷயம் சத்தம் போடாமல் காணாமல் போகும். நிஸாவின் படிவம் உள்ளே எங்கேயோ இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. “எங்க தொட்டாலும் ஒரே மாதிரி. இதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்லிண்டிருக்கேன்” என்று இயக்குநர் நெகிழ்ந்தார். நிஸா ஒரு பழம்பொரியை எடுத்துத் தின்றாள். அதில் எண்ணெய் அதிகமாக இருந்தது.

ஐந்தாம் நாள் கற்பகம் வந்தாள். பட்டியலில் இரண்டாவது வீடு அவளுடையது. கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று நாள் வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தாள். “சாரே, ஆட்சேபணை போடணும்னு போனா, ஒரு சாரு தோணியில நின்னு சிரிக்கறாரு. வேற ஒண்ணும் வரலை. எங்க அமுக்கணும்?”

“அமுக்க வேண்டாம். அதாக்கும் பேஜு” என்றார் ராசப்பன்.

“அப்போ நான் சொல்றதை எங்க சொல்றது?”

“சைட்டுல சொல்லணும் சேச்சி. ஓஃபீஸ்ல வாங்கறதுக்கு ஓர்டர் இல்ல.”

கற்பகம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நிஸாவைப் பார்த்தாள். நிஸா திரையைப் பார்த்தாள். அவள் கட்டிய தளம் அது.

அன்று மதியமே நிஸா ஒரு குறிப்பு எழுதினாள். ஒரே ஒரு வரியைத் திரும்பப் போட்டால் போதும், இரண்டு நிமிட வேலை, முப்பத்திரண்டு குடும்பங்களின் விஷயம் என்று. தன் வீடும் அதில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதினாள். பதில் மறுநாளே வந்தது. ஆணையத்தில் இதுவரை எந்தக் கடிதத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. தொழில்நுட்பக் குறைகளை இணையதளத்தின் புகார்ப் பக்கத்தில் பதிவு செய்யவும் என்று இருந்தது. புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். இயக்குநர் படகில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் கமாலுதீன் காத்துக்கொண்டிருந்தார். “எந்தா மோளே, நம்ம ஆட்சேபணை போட்டாச்சா?”

“இடம் இல்ல அத்தா.”

“கம்ப்யூட்டருக்குள்ளயுமா இடம் இல்ல?”

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. கொச்சியில் இடத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பது அவருக்குத் தெரியும். அங்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். நிஸா அழவேண்டிய சமயம்தான் அது. அழுகை வரவில்லை. நெஞ்சில் ஏதோ ஒன்று மரத்துப்போய்க் கிடந்தது. அதைத் தட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பதினோராம் நாள் அவள் ஒரு காரியம் செய்தாள். டெம்ப்ளேட்டே இல்லாமல் தனியாக ஒரு பக்கம் எழுதினாள். முத்திரை இல்லை, வாழ்த்துரை இல்லை, முகவரி இல்லை. வெள்ளைத் திரையில் பெயர், வீட்டு எண், ஆட்சேபணை, ஒரு பொத்தான். அதன் இணைப்பைக் கற்பகத்தின் போனுக்கு அனுப்பினாள். கற்பகம் கரை முழுக்க அனுப்பினாள். இரண்டே நாளில் முப்பத்திரண்டு வீட்டின் ஆட்சேபணையும் வந்து சேர்ந்தது. சிலர் நாலு பக்கம் எழுதியிருந்தார்கள். கமாலுதீன் எழுதியது மூன்றே வரி: வீடு என்னுடையது. கடையும் இதில்தான். இடிக்க வேண்டாம்.

பதினாலாம் நாள் விசாரணை வைத்தார்கள். குழு கூட மூன்று மாதம் ஆகும் என்றாலும் விசாரணைக்கு அந்த விதி கிடையாது. இயக்குநர் அந்த வெள்ளைப் பக்கத்தின் அச்சைக் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

“இது எந்த டெம்ப்ளேட்லேர்ந்து வந்தது?”

“எதுலருந்தும் இல்ல சார். தனியா எழுதினேன்.”

நல்ல குடும்பத்தில் நடக்கக்கூடாத ஏதோ நடந்துவிட்டது போல எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். கனகாம்பாள் மட்டும் மெதுவாக, “தலை இல்லையே” என்றார். “காலும் இல்லா” என்றார் ராசப்பன்.

“அதுல இருக்கறதைப் படிச்சுப் பாருங்க சார். முப்பத்திரண்டு பேர் எழுதியிருக்காங்க.”

“படிச்சேன். ரொம்ப நன்னா எழுதியிருக்கா. அந்தப் பாத்திரக்கடைக்காரர் எழுதினது எனக்கு மனசைத் தொட்டுது” என்றார் இயக்குநர். அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. “ஆனா பாரு, மேல முத்திரை இல்லேன்னா இதெல்லாம் யாருக்கு எழுதினதுன்னு தெரியலை. எனக்கு எழுதினதுன்னு நான் எப்படி எடுத்துக்கறது? அடுத்தவாளுக்கு வந்த லெட்டரைப் படிக்கறது தப்பு. அதனால இதை ஆட்சேபணைன்னு சொல்ல முடியாது. அபிப்ராயம்னு சொல்லலாம். ஜனங்களுக்கு அபிப்ராயம் இருக்கறதுல ஆணையத்துக்கு எந்த விரோதமும் இல்லை.”

முப்பத்திரண்டு அபிப்பிராயங்களும் கோப்பில் சேர்க்கப்பட்டன. வெள்ளைப் பக்கம் அழிக்கப்பட்டது. அழித்ததும் நிஸாதான்; வேறு யாருக்கும் அழிக்கத் தெரியாது. கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் இயக்குநர் பத்திரிகைக்காரர்களை அழைத்தார். “ஒரு ஆட்சேபணைகூட இல்லை. ஒண்ணுகூட! எந்த ஊர்ல, எந்தத் திட்டத்துக்கு இப்படி நடந்திருக்கு? சிலர் கேக்கறா, ஜனங்க சொல்றதைக் கேட்டேளான்னு. அவா மனசு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவாகிட்ட போய் நாம என்னத்தைக் கேக்கறது?” பத்திரிகைக்காரர்களுக்கும் பழம்பொரி வந்தது.

இடிக்கும் உத்தரவு மறுநாள் தயாரானது. ஆணையத்தின் எல்லாத் தாளும் இப்போது அங்கீகரிக்கப்பட்ட டெம்ப்ளேட்டிலிருந்துதான் வரவேண்டும். உத்தரவும் அதிலிருந்துதான் வந்தது. ராசப்பன் அச்சடித்தார், இயக்குநர் கையெழுத்திட்டார், முத்திரை குத்தினார்கள், ஜேசிபி ஓட்டுகிறவருக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

ஜேசிபி ஓட்டுகிறவர் பெயர் இசக்கிதுரை. கலூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர். கட்டளைத் தாளில் இருப்பதை மட்டுமே செய்கிறவர் என்று பெயரெடுத்தவர். காலை ஒன்பதே முக்காலுக்கு ஆணையத்தின் முன்னால் வந்து நின்றார். தாளை ஒருமுறை பார்த்தார். நிதானமாக ஜேசிபியின் கையை உயர்த்தி முன்சுவரில் வைத்தார்.

சுவர் விழுந்தது. சைக்கிள் கொட்டகை போயிற்று. ஒன்பது பெயர்ப்பலகைகளில் நாலு காணாமல் போன பிறகுதான் ராசப்பன் கைகளை வீசிக்கொண்டு வெளியே ஓடினார். “எடோ! நிறுத்து! எந்தா செய்யறே!”

“ஏன் சார் கத்துதீய? உங்க தாளுதான” என்று இசக்கிதுரை இறங்கி வந்து காட்டினார். “கையெழுத்து இருக்கு, சீலு இருக்கு. நடுவுல ஐயா எங்கேயோ கையைக் காட்டுதாரு. அட்ரஸு மொத்தத் தாள்லயும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கீழ பாருங்க. இந்தக் கட்டடம்தான அது?”

இந்தக் கட்டடம்தான். தாளில் வேறு எந்த வீட்டின் பேச்சும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு நாற்பது நிமிடத்தில் கூடியது. இடிந்த சுவர் வழியாகத் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டெம்ப்ளேட்டில் நடுவே காலியிடம் எவ்வளவு அவசியம் என்று இயக்குநர் பத்து நிமிடம் உணர்ச்சியோடு பேசினார். ஓர் அரசுத் தாளில் விஷயத்துக்கு இடம் விடாமலிருப்பது மக்களுக்குச் செய்யும் துரோகம் என்றார். கனகாம்பாள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். ராசப்பன் பீரோவைத் திறந்து லாமினேட் செய்த தாள்களைக் கிழிக்கப் பார்த்தார். லாமினேட் செய்ததால் கிழியவில்லை.

“அந்த லைனைப் போட்டுடு நிஸா. இப்பவே” என்றார் இயக்குநர்.

“போட்டா எல்லாப் பேஜும் வந்துடும் சார். ஆட்சேபணைப் பேஜும் வரும்.”

இயக்குநர் யோசித்தார். ஒரு கணம் நிஸாவின் மனதில் ஏதோ ஒன்று அசைந்தது.

“அதுக்குத்தான் தேதி முடிஞ்சுபோச்சே. முதல்ல அந்தப் பேஜை எடுத்துடு. அப்புறம் லைனைப் போடு. உத்தரவைத் திருப்பி அடி. வெளியில மெஷின் நின்னுண்டிருக்கு பாரு.”

செய்யமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ராசப்பன் கரைக்குப் போய் விரலால் வீட்டைக் காட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அதையெல்லாம் அவள் அப்போது யோசித்தாள் என்று சொல்ல முடியாது. கைகள் பழகிய வேலையைச் செய்தன. படிவத்தை எடுத்தாள். ராசப்பன் தன் பாஸ்வேர்டை அடித்துக் கொடுக்க, வரியைப் போட்டாள். உத்தரவை அழைத்தாள்.

மாதக்கணக்காக உழைத்துக் கட்டியது முதல்முறையாக ஒழுங்காக வேலை செய்தது. மேலே முத்திரை, கீழே முகவரி, நடுவே சரியான இடத்தில், சரியான அளவில், இடமும் வலமும் சமமாக ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது: கமாலுதீன், முதல் வீடு, பாத்திரக் கடை உட்பட.

“ஆஹா, இப்போ கண்டா ஒரு பேஜு மாதிரி இருக்கு” என்றார் ராசப்பன். நிஸாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் நல்ல மனிதர். யார் நல்ல வேலை செய்தாலும் பாராட்டுவார்.

இசக்கிதுரை தாளை வாங்கிப் படித்தார். “இப்பம் தெளிவா இருக்கு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கரைக்குப் போக அந்த வண்டிக்குக் கால் மணி நேரம் ஆகும். நிஸா இடிந்த சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்து அத்தாவுக்குப் போன் செய்தாள்.

“அத்தா, செம்பெல்லாம் வெளியில எடுத்து வைங்க. சீக்கிரம்.”

“ஆருக்கு மோளே? கல்யாண வீடா?” கமாலுதீனின் குரலில் உற்சாகம் தெரிந்தது. இந்த மாதம் ஒருவரும் வாடகைக்குக் கேட்டு வந்திருக்கவில்லை. “எத்தன வேணும்னு கேட்டியா?”

“எல்லாம் வேணும் அத்தா” என்றாள் நிஸா.